ரெண்டு சர்வருக்கு நடுவுல டேட்டாவை எப்படி அனுப்பறது? ஃபைலா, ஏபிஐயா, க்யூவா: முழுமையான வழிகாட்டி

ஒரு சர்வர்ல ஆர்டர் எடுக்கற சாஃப்ட்வேர் ஓடுது, இன்னொரு சர்வர்ல கணக்கும் ஸ்டாக்கும் பார்க்கற சாஃப்ட்வேர் ஓடுது. இங்க விழற ஆர்டர் அங்க போய்ச் சேரணும், அங்க மாறுற ஸ்டாக் இங்க தெரியணும். கேக்க சின்ன விஷயமாத்தான் இருக்கும், ஆனா தப்பான வழியை எடுத்துட்டா அஞ்சாறு வருஷத்துக்கு ராத்திரி ராத்திரி போன் வந்துட்டே இருக்கும். இந்த மாதிரி இணைப்பு வேலை நான் நிறைய பண்ணிருக்கேன், அதுல எதை எந்த வரிசையில யோசிச்சா தப்பிக்கலாம்னு ஒண்ணுவிடாம எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் "கஃப்காவா, ராபிட்எம்க்யூவா, ரெஸ்ட் போதுமா"ன்னுதான் ஆரம்பிக்கறாங்க. முதல் ரெண்டும் செய்தியைத் தேக்கி வச்சு வரிசையா குடுக்கற க்யூ சாஃப்ட்வேர், ரெஸ்ட்ங்கறது ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணை நேரடியா கேட்டுப் பதில் வாங்கற ஏபிஐயில ஒரு வகை. எதை எடுக்கறதுங்கறது கடைசியில கேக்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி இதுதான்: அந்தப் பக்க சர்வர் மூணு மணி நேரம் படுத்துட்டா இந்தப் பக்கம் என்ன ஆகணும்? இதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி முடிவு தானா வந்துடும்.

படி 1: கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டு பேப்பர் எடுங்க

போக வேண்டிய ஒவ்வொரு டேட்டாவையும் தனித்தனியா எழுதுங்க. ஆர்டர் ஒண்ணு, ஸ்டாக் ஒண்ணு, கஸ்டமர் விவரம் ஒண்ணு, விலைப்பட்டியல் ஒண்ணு. எல்லாத்தையும் சேத்து "டேட்டா சிங்க்"னு ஒரே பேர் வச்சீங்கன்னா அங்கயே குழப்பம் ஆரம்பிச்சுடும், ஏன்னா இந்த நாலுக்கும் தேவை வேற வேற.

ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல, யார் சொல்றது கடைசி வார்த்தைன்னு எழுதுங்க. கஸ்டமர் போன் நம்பர் ரெண்டு பக்கமும் வேற வேற இருந்தா எது சரி? இதுக்கு "ரெண்டும்தான்"னு யாராவது பதில் சொன்னா அந்த மீட்டிங்கை அங்கயே நிறுத்தி முடிவு பண்ணிட்டுத்தான் எந்திரிக்கணும். ரெண்டு பக்கமும் திருத்தலாம், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னா அது பல மடங்கு கஷ்டமான வேலை. முடிஞ்சவரைக்கும் ஒரு விவரத்துக்கு ஒரே முதலாளி, மத்தவங்க கிட்ட இருக்கறது காப்பி மட்டும்னு வச்சுக்கோங்க.

அடுத்து எவ்ளோ வருதுன்னு. ஒரு நாளைக்கு 20,000 ஆர்டர்னு சொன்னா பெருசா தெரியும். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், அப்போ நாலு செகண்டுக்கு ஒரு ஆர்டர் கூட இல்ல. சரி, பாதி ஆர்டர் ஒரே மணி நேரத்துல குவியுதுன்னே வச்சுப்போம், 10,000ஐ 3,600ஆல வகுத்தா செகண்டுக்கு மூணுக்கும் கம்மி. இதைச் சாதாரண ஏபிஐயும் சாதாரண டேட்டாபேஸும் அலட்டிக்காம தாங்கும். இந்தக் கணக்கைப் போடாமலே பெரிய பெரிய க்ளஸ்டர் (சேந்து ஓடற சர்வர் கூட்டம்) வாங்கி வச்சவங்களைப் பார்த்திருக்கேன், அந்தக் காசும் உழைப்பும் வேற எதுக்காவது போயிருக்கலாம்.

அப்புறம் எவ்ளோ லேட் ஆகலாம்னு. கேட்டீங்கன்னா எல்லாரும் "ரியல் டைம்"னுதான் சொல்வாங்க, அதை அப்படியே எழுதிக்காதீங்க. "பத்து நிமிஷம் லேட்டா வந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"னு திருப்பிக் கேளுங்க. ஸ்டாக்னா இல்லாத பொருளை வித்துடுவோம், அது நிஜமான நஷ்டம். கணக்குப் பதிவுன்னா சாயந்திரம் வந்தாலும் போதும்.

கடைசியா, ஒண்ணு தொலைஞ்சா மோசமா இல்ல ஒண்ணு ரெண்டு தடவை வந்தா மோசமான்னு எழுதுங்க. ஸ்டாக் அளவு "இப்போ 40 இருக்கு"ன்னு ரெண்டு தடவை வந்தா ஒண்ணும் ஆகாது. "3 கழிச்சுக்கோ"ன்னு ரெண்டு தடவை வந்தா கணக்கு கெட்டுப்போச்சு. எப்படி எழுதி அனுப்பறோம்ங்கறதுலயே பாதி பிரச்சனை தீரும்ங்கறது இதுல தெரியுது பாருங்க.

படி 2: படுத்துட்டா என்னங்கற கேள்வி

இதுக்கு மூணு விதமான பதில்தான் வரும்.

"அது இல்லாம இங்க வேலையே நடக்கக்கூடாது." உதாரணத்துக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி கடன் வரம்பு பார்க்கணும், பதில் வராம ஆர்டரை ஏத்துக்க முடியாது. இதுக்கு நேரடியா கேட்டு அந்த நிமிஷமே பதில் வாங்கற வழிதான், அதாவது ஏபிஐ.

"இங்க வேலை நடக்கட்டும், அது எழுந்ததும் போய்ச் சேரட்டும்." ஆர்டரைக் கணக்குக்கு அனுப்பறது இந்த வகை. இதுக்கு நடுவுல எங்கயாவது தேக்கி வைக்கணும். ஃபைலா, டேபிளா, க்யூவாங்கறது அடுத்த பேச்சு.

"பழைய காப்பியை வச்சு ஓட்டிக்கலாம்." விலைப்பட்டியல், பொருள் விவரம் எல்லாம் இதுல வரும். ராத்திரி ஒரு தடவை மொத்தமா இழுத்து வச்சுக்கிட்டா பகல்ல அந்த சர்வர் செத்தாலும் நமக்குக் கவலை இல்ல.

ரெண்டாவது வகையையும் மூணாவது வகையையும் முதல் வகையா நினைச்சு எல்லாத்தையும் நேரடி ஏபிஐயில கட்டறதுதான் நான் அதிகமா பார்த்த தப்பு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ரெண்டு சர்வரும் தனித்தனியா 99 சதவீதம் நேரம் உயிரோட இருக்கும்னா, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு ஓடாதுன்னு கட்டினதும் அது 98.01 சதவீதம் ஆயிடுது. 1 சதவீதம்ங்கறது வருஷத்துக்கு மூணரை நாளைக்கும் மேல, இப்போ அது ஏழு நாளுக்கும் மேல போயிடுச்சு. வெளிய இருந்து பார்க்கற கஸ்டமருக்குக் கணக்கு சர்வர்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, அவருக்குத் தெரியறது ஆர்டர் போகலைங்கறது மட்டும்தான்.

படி 3: இருக்கற வழிகளை ஒவ்வொண்ணா பார்ப்போம்

*ஃபைல் போடறது*

பழசுன்னு யாரும் மதிக்கறதில்ல, ஆனா நாளைக்கு ஒரு தடவை மொத்தமா போற டேட்டாவுக்கு இதை விட நிம்மதியான வழி கிடையாது. ஃபைல் அனுப்பற பழைய முறையான எஃப்டிபிக்கு முதல் வரையறை வந்தது 1971ல, இன்னிக்கும் புழங்கற வடிவம் 1985ல வந்த ஆர்எஃப்சி 959ங்கற இணைய விதி ஆவணம். ஆனா அதை இன்னிக்குப் பயன்படுத்தாதீங்க, பாஸ்வேர்டு அப்படியே திறந்த எழுத்தா லைன்ல போகும். எஸ்எஃப்டிபி எடுங்க, அது எஸ்எஸ்ஹெச்ங்கற பூட்டின பாதை மேல 22ஆம் போர்ட்ல ஓடுறது. எஃப்டிபிஎஸ்னு இன்னொண்ணு இருக்கு, அது பழைய எஃப்டிபிக்கு மேல டிஎல்எஸ்ங்கற பூட்டைப் போர்த்தினது. பேர் ஒரே மாதிரி இருக்கறதால ரெண்டு டீமும் ஆளுக்கு ஒண்ணை நினைச்சுக்கிட்டு ஒரு வாரம் ஃபயர்வாலோட மல்லுக்கட்டுவாங்க, அதனால மெயில்ல போர்ட் நம்பரோட எழுதி உறுதி பண்ணிக்கோங்க.

ஃபைல்ல வர்ற முதல் பிரச்சனை, அனுப்பறவர் இன்னும் எழுதிட்டு இருக்கும்போதே வாங்கறவர் எடுத்துட்டுப் போயிடறது. பாதி ஃபைல் ஏறும், எர்ரரும் வராது. தீர்வு சுலபம், தற்காலிகப் பேர்ல எழுதி, முழுசா முடிஞ்சதும் நிஜப் பேருக்கு மாத்துங்க. லினக்ஸ்ல ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்ள பேர் மாத்தறது ஒரே மூச்சுல நடக்கும், பாதி மாறின நிலைன்னு ஒண்ணு கிடையாது. வேற டிஸ்க்குக்கு நகர்த்தினா இது பொருந்தாது, அங்க உள்ளுக்குள்ள காப்பிதான் நடக்குது.

ஃபைலோட கடைசி வரியில மொத்தம் எத்தனை வரி, தொகையோட கூட்டல் எவ்ளோன்னு போட்டுடுங்க. வாங்கறவர் அது ஒத்துப்போனாத்தான் ஏத்தணும், இல்லேன்னா முழு ஃபைலையும் தள்ளிடணும். ஃபைல் பேர்ல தேதியும் வரிசை நம்பரும் இருக்கணும், 41க்கு அப்புறம் 43 வந்தா 42 எங்கன்னு சிஸ்டமே கேக்கணும். ஏத்தின ஃபைலை அழிக்காதீங்க, தனி ஃபோல்டருக்கு நகர்த்தி மூணு மாசமாவது வச்சிருங்க. "நீங்க அனுப்பவே இல்ல"ன்னு யாராவது சொல்ற அன்னிக்கு அதோட அருமை தெரியும்.

சிஎஸ்வி, அதாவது காமா போட்டுப் பிரிச்சு எழுதற ஃபைல் பத்தியும் சொல்லணும். 2005ல ஆர்எஃப்சி 4180ன்னு ஒண்ணு எழுதினாங்க, ஆனா ஊர்ல இருக்கற எல்லா சிஎஸ்வியும் அதுக்குக் கட்டுப்பட்டு வர்றதில்ல. அட்ரஸுக்குள்ள காமா இருக்கும், பேருக்குள்ள மேற்கோள் குறி இருக்கும், குறிப்புக்குள்ள என்டர் தட்டிருப்பாங்க. நீங்களே காமாவை வச்சு வெட்டாதீங்க, லைப்ரரியை விட்டுப் படிக்கச் சொல்லுங்க. நடுவுல யாரும் எக்செல்ல திறந்து சேவ் பண்ணாத மாதிரியும் பார்த்துக்கோங்க, 00715ங்கற கோடு 715 ஆயிடும், 15 இலக்கத்துக்கு மேல இருக்கற நம்பரோட வால் முழுக்க சைபர் ஆயிடும்.

எழுத்தை பைட்டா மாத்தி வைக்கற வடிவத்தை யூடிஎஃப் 8ன்னு எழுத்துலயே ஒத்துக்கோங்க. தமிழ்ல டேட்டா வச்சிருக்கறவங்க கூடுதல் கவனமா இருக்கணும். "தமிழ்"ங்கற சொல் கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுல அஞ்சு குறியீடு, யூடிஎஃப் 8ல 15 பைட். அந்தப் பக்கம் பேருக்கு 60 பைட்னு அளவு வச்சிருந்தா நம்ம பேர் நடுவுல வெட்டுப்பட்டு கடைசி எழுத்து கட்டமா தெரியும். மைஎஸ்க்யூஎல்ல யூடிஎஃப்8ன்னு இருக்கற பழைய வகை மூணு பைட் வரைக்கும்தான் தாங்கும், தமிழ் பிழைச்சுக்கும், ஆனா யாராவது குறிப்புல ஒரு எமோஜி போட்டா அந்த வரி ஏறாது. யூடிஎஃப்8எம்பி4 வைக்கணும்.

*ஒரே டேட்டாபேஸை ரெண்டு பேரும் தொடறது*

"எதுக்கு இவ்ளோ சிரமம், அவங்க டேட்டாபேஸுக்கு ஒரு யூசர் குடுங்க, நாங்களே எழுதிக்கறோம்"னு யாராவது சொல்வாங்க. ரெண்டு நாள்ல வேலை முடியும், உண்மைதான். ஆனா அதுக்கப்புறம் டேபிள்ல ஒரு காலம் (column) பேரை மாத்தணும்னாக் கூட ரெண்டு டீமும் சேந்து உக்காரணும். அவங்க அப்ளிகேஷன்ல எழுதி வச்சிருக்கற செக்கிங் எதுவும் நம்ம நேரடி எழுத்துக்குப் பொருந்தாது, நம்ம நீளமான க்வெரி அவங்க டேபிளைப் பூட்டி வைக்கும்.

எனக்கு நடந்த ஒண்ணு. ஒரு இடத்துல ஆர்டர் டேபிளை ரெண்டு சாஃப்ட்வேர் படிச்சுட்டு இருந்துச்சு. நிலை 1ன்னா உயிரோட இருக்கற ஆர்டர், 2ன்னா ரத்து. எங்க பக்கத்து கோடுல "1 இல்லேன்னா ரத்து"ன்னு எழுதிருந்தோம். அந்த டீம் ஒரு நாள் 3ன்னு புதுசா சேத்தாங்க, பாதி அனுப்பின ஆர்டர்னு அர்த்தம். அவங்க பக்கம் எல்லாம் சரியா ஓடுச்சு. எங்க பக்கம் பாதி அனுப்பின ஆர்டர் எல்லாம் ரத்தாகி, மிச்சப் பொருள் கஸ்டமருக்குப் போகவே இல்ல. எர்ரர் ஒண்ணு கூட இல்ல, பத்து நாள் கழிச்சு கஸ்டமர்கள் கேட்டுத்தான் தெரிஞ்சுது. அவங்க தப்பும் இல்ல, அவங்க டேபிளை அவங்க மாத்தினாங்க. டேபிள்ங்கறது வீட்டுக்குள்ள இருக்கற விஷயம், அதை அடுத்தவங்க வாசல் மாதிரி பயன்படுத்தினதுதான் தப்பு.

இதுல நான் ஒத்துக்கற ஒரே விதிவிலக்கு: படிக்க மட்டும், அதுவும் மெயின் டேட்டாபேஸ்ல இல்லாம அதோட ரெப்ளிகாவுல (கூடவே ஓடற நகல்), டேபிளை நேரடியா தொடாம அதுக்குன்னே எழுதின வியூ (தேவையானதை மட்டும் காட்டற பார்வை) வழியா. அந்த வியூவை மாத்த மாட்டோம்னு அவங்க வாக்கு குடுத்தா அது கிட்டத்தட்ட ஒரு ஏபிஐதான்.

*ஏபிஐ*

ரெஸ்ட்ங்கற பேர் ராய் ஃபீல்டிங் 2000ல எழுதின முனைவர் பட்ட ஆய்வேட்டுல வந்தது, இன்னிக்கு ரெஸ்ட்னு நாம சொல்றது பெரும்பாலும் வெப் பயன்படுத்தற ஹெச்டிடிபி மேல ஜேசன்ங்கற எழுத்து வடிவத்துல டேட்டா அனுப்பறது. பழைய பெரிய சிஸ்டத்தோட பேசணும்னா சோப்ங்கற பழைய ஏபிஐ வகை வரும், எக்ஸ்எம்எல்தான், பயப்பட ஒண்ணும் இல்ல, அந்த ஏபிஐயோட விவரம் இருக்கற டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலைக் குடுத்தா க்ளையன்ட் கோடை டூலே எழுதிடும். ஜிஆர்பிசிங்கறது இன்னொரு ஏபிஐ வகை, கூகுள் 2015ல வெளியிட்டது, ஹெச்டிடிபி 2 மேல ஓடும், வேகம் நல்லாருக்கும், ஆனா செகண்டுக்கு மூணு ஆர்டர் அனுப்ப அது தேவையில்ல. ரெண்டு டீமுக்கும் தெரிஞ்சது எதுவோ அதை எடுங்க.

ஏபிஐயில உயிரான விஷயம் டைம்அவுட், அதாவது பதிலுக்கு எவ்ளோ நேரம் காத்திருப்போம்ங்கற வரம்பு. ஒரு கால் (ஏபிஐக்கு ஒரு கோரிக்கை) போட்டா நடந்துச்சு, நடக்கலைன்னு ரெண்டு விடைதான்னு நினைச்சு கோடு எழுதறோம். மூணாவது ஒண்ணு இருக்கு: தெரியல. உதாரணமா நடுவுல கோரிக்கையை வாங்கிக் கடத்தற எஞ்சினெக்ஸ் சாஃப்ட்வேர் இருக்குன்னு வைங்க, அதோட டிஃபால்ட் காத்திருப்பு 60 செகண்ட். அந்தப் பக்கம் வேலை 70 செகண்ட் எடுக்குது. 60ல நமக்கு 504 (நேரம் தாண்டிடுச்சு) வந்துடும், தோல்வின்னு நினைச்சுத் திரும்ப அனுப்புவோம். அங்க பத்து செகண்ட் கழிச்சு முதல் ஆர்டர் பத்திரமா ஏறிருக்கும், அப்புறம் ரெண்டாவதும் ஏறும். ஒரே ஆர்டர் ரெண்டு.

அதனால மாத்தி எழுதற ஒவ்வொரு காலோடயும் ஒரு தனி நம்பர் போகணும், ஐடெம்போடென்சி கீன்னு சொல்வாங்க. அனுப்பறவர்தான் உருவாக்கணும், திரும்ப அனுப்பும்போது அதே நம்பர்தான் போகணும். வாங்கறவர் அந்த நம்பரை ஏற்கனவே பார்த்திருந்தா வேலையைத் திரும்பப் பண்ணாம பழைய பதிலையே குடுக்கணும். இது இல்லாத ஏபிஐயில பணம், ஆர்டர், ஸ்டாக் எதையும் திரும்ப அனுப்பற கோடு எழுதாதீங்க.

டைம்அவுட்டை நீங்களே கையால வைக்கணும். பைத்தானோட ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரில சொல்லலேன்னா டைம்அவுட்டே கிடையாது, அந்தப் பக்கம் பதில் சொல்லாம உக்காந்தா இந்தப் பக்கமும் அப்படியே உக்காந்திருக்கும், கொஞ்ச நேரத்துல எல்லா வொர்க்கரும் அதே இடத்துல மாட்டிக்கும். திரும்ப அனுப்பறதுக்கும் அளவு வேணும். பதில் கோடு 400 வந்தா டேட்டாவே தப்பு, நூறு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான், நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க. 429 (ரொம்ப அதிகமா கேக்கறீங்க), 503 (இப்போ முடியாது), டைம்அவுட் இதுக்கெல்லாம் ஒரு செகண்ட், ரெண்டு, நாலு, எட்டுன்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போங்க, அதுல கொஞ்சம் ரேண்டமா முன்னப்பின்ன சேருங்க, இல்லேன்னா அந்த சர்வர் எழுந்திரிக்கற அந்த நொடியில எல்லாரும் ஒண்ணா மேல விழுவாங்க. திரும்ப முயற்சி பண்றது ஒரே ஒரு இடத்துல இருக்கட்டும். மூணு அடுக்கு, ஒவ்வொண்ணும் மூணு தடவைன்னா ஒரு கோரிக்கை 27 ஆகுது.

*"மாறினதைக் குடு"ன்னு இழுக்கறது*

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் "கடைசியா நான் வந்ததுக்கு அப்புறம் மாறினது எல்லாம் குடு"ன்னு கேக்கற வழி. நாளைக்கு 288 கால்தான், ஒரு சுமையும் இல்ல, படுத்துட்டாலும் அடுத்த தடவை விட்டதைச் சேத்து எடுத்துக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது, ஆனா உள்ள ஒரு பள்ளம் இருக்கு.

ஒரு வரி 10.04க்கு மாத்தப்படுது, ஆனா அந்த டிரான்ஸாக்ஷன் (சேந்து நிக்கற இல்ல சேந்து போற மாற்றங்களோட தொகுப்பு) பெருசு, கமிட் ஆகி மத்தவங்களுக்குத் தெரியும்போது 10.06. நாம 10.05க்குப் போனோம், அந்த வரி கண்ணுக்கே தெரியல. அடுத்து 10.10க்குப் போகும்போது "10.05க்கு அப்புறம் மாறினது"ன்னு கேக்கறோம், அதுல 10.04ன்னு முத்திரை இருக்கு, வராது. எப்பவுமே வராது. வரிசை எண்ணை வச்சுக் கேட்டாலும் இதே கதைதான், 501 முதல்ல கமிட் ஆகி 500 அப்புறம் கமிட் ஆகலாம். அதனால எப்பவும் கொஞ்சம் பின்னாடி போய்க் கேளுங்க, 10.05க்குப் பதிலா 9.50ல இருந்து. ஏற்கனவே வந்தது திரும்ப வரும், வாங்கற பக்கம் அதைத் தாங்கற மாதிரி எழுதிட்டா போதும். இன்னொண்ணு, அழிச்ச வரி இந்த வழியில தெரியாது, அதனால அழிக்காம "அழிக்கப்பட்டது"ன்னு குறி போடச் சொல்லுங்க.

இதுக்கு நேர் எதிர் வெப்ஹூக், அவங்களே நம்மளைக் கூப்பிட்டுச் சொல்றது. வந்ததும் சேமிச்சு வச்சுட்டு உடனே 200 (சரி, கிடைச்சுது) குடுத்துடுங்க, வேலையை அப்புறம் பண்ணுங்க. ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியச் சாவி வச்சுப் போடற ஹெச்மேக் கையெழுத்தைச் சரிபார்க்காம எதையும் நம்பாதீங்க. வெப்ஹூக்கை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது, நாளைக்கு ரெண்டு தடவை இழுத்தும் பார்த்துக்கோங்க, எதாவது வழியில விழுந்திருந்தா அதுல கிடைச்சுடும்.

*க்யூ*

ஐபிஎம்மோட எம்க்யூ சீரிஸ் 1993ல வந்தது, ராபிட்எம்க்யூ 2007, லிங்க்ட்இன் உருவாக்கின கஃப்கா 2011ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. ராபிட்எம்க்யூ மாதிரியான வழக்கமான க்யூவுல செய்தியை வாங்கி "கிடைச்சுது"ன்னு சொன்னதும் அது போயிடும். கஃப்கா ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி, படிச்சாலும் அழியாது, திரும்ப முதல்ல இருந்து படிக்கலாம். ஆனா டிஃபால்ட்டா 168 மணி நேரம்தான் வச்சிருக்கும், ஏழு நாள். படிக்கற ப்ரோக்ராம் செத்துப்போய் யாரும் கவனிக்காம ஒரு வாரம் தாண்டிடுச்சுன்னா பழசு காணாமப் போக ஆரம்பிக்கும், அந்த அளவை உங்க தேவைக்கு மாத்தி வையுங்க.

க்யூல ஒரே செய்தி ரெண்டு தடவை வரும்னு எதிர்பார்த்தே எழுதணும். தப்பான செய்தி ஒண்ணு வந்து மாட்டிக்கிட்டா அது திரும்பத் திரும்ப வந்து பின்னாடி இருக்கறதையும் மறிக்கும், நாலஞ்சு தடவைக்கு மேல முடியலேன்னா தனியா ஒரு டெட் லெட்டர் க்யூவுல ஒதுக்கிடணும், அதை யாராவது தினமும் திறந்து பார்க்கணும்.

க்யூ வச்சா பார்த்துக்க வேண்டிய சர்வர் ரெண்டுல இருந்து மூணு ஆகுது. அதுக்கு அப்டேட், பேக்கப், டிஸ்க் நிரம்பறது எல்லாம் பார்க்க ஆள் இருக்காங்களா? அனுப்பறவர் ஒருத்தர், வாங்கறவர் ஒருத்தர்னா பெரும்பாலும் இது தேவைப்படறதில்ல. ஒரே செய்தி அஞ்சு ஆறு சாஃப்ட்வேருக்குப் போகணும்னா அப்போ க்யூ அதோட செலவுக்கு நியாயம் பண்ணும்.

படி 4: அவுட்பாக்ஸ், நான் மனசார சொல்ற வழி

க்யூவோ ஏபிஐயோ எது எடுத்தாலும் ஒரு ஓட்டை இருக்கு. ஆர்டரை டேபிள்ல எழுதிட்டோம், அடுத்த வரியில அனுப்பணும், நடுவுல கரன்ட் போச்சு. ஆர்டர் இங்க இருக்கு, அங்க போகல, யாருக்கும் தெரியல. வரிசையை மாத்தி முதல்ல அனுப்பிட்டு அப்புறம் எழுதினா, அங்க இருக்கும் இங்க இருக்காது.

ஆர்டரை எழுதற அதே டிரான்ஸாக்ஷன்ல அவுட்பாக்ஸ்னு ஒரு டேபிள்ல "இதை அனுப்பணும்"னு ஒரு வரியும் எழுதிடுங்க. ரெண்டும் சேந்து நிக்கும் இல்ல சேந்து போகும். தனியா ஒரு சின்ன ப்ரோக்ராம் அந்த டேபிளைப் பார்த்து ஒவ்வொண்ணா அனுப்பி, அந்தப் பக்கம் ஓகே சொன்னதும் குறி போடும். அந்த சர்வர் மூணு மணி நேரம் படுத்தா வரி சேந்துட்டே இருக்கும், எழுந்ததும் வரிசையா போகும். என்ன போச்சு, என்ன போகலைன்னு ஒரு க்வெரில தெரியும். புது சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், இருக்கற டேட்டாபேஸே போதும். ரெண்டு சர்வருக்கு நடுவுல "போய்ச் சேரட்டும்" வகைக்கு நான் முதல்ல இதைத்தான் போடுவேன்: அவுட்பாக்ஸ், அதுல இருந்து சாதாரண ஏபிஐ கால். நாளைக்கு க்யூ தேவைப்பட்டாலும் அனுப்பற அந்தச் சின்ன ப்ரோக்ராமை மட்டும் மாத்தினா போதும்.

அப்போ நம்ம பேப்பர்ல எழுதின நாலும் இப்படிப் பிரியும்: ஆர்டர் அவுட்பாக்ஸ் வழியா, ஸ்டாக் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்து (கடைசி நேரத்துல மட்டும் நேரடியா கேட்டு), விலைப்பட்டியல் ராத்திரி ஃபைலா, கஸ்டமர் விவரம் மாறினதை இழுத்து. நாலுக்கும் ஒரே வழிதான் இருக்கணும்னு சட்டம் இல்ல.

படி 5: என்ன அனுப்பறோம்ங்கற ஒப்பந்தம்

1999 செப்டம்பர்ல நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ற நேரத்துல தொலைஞ்சு போச்சு. தரையில இருந்த ஒரு சாஃப்ட்வேர் எழுதின ஃபைல்ல உந்துவிசைக் கணக்கு பவுண்டு அளவுல இருந்துச்சு, அதைப் படிச்ச பக்கம் நியூட்டன்னு எடுத்துக்கிச்சு. 4.45 மடங்கு வித்தியாசம். ஒப்பந்தத்துல நியூட்டன்னுதான் எழுதிருந்துச்சு, ஆனா வர்ற ஃபைல் அப்படித்தான் வருதான்னு சரியா சோதிக்கல. ரெண்டு ப்ரோக்ராமும் தனித்தனியா ஓடிச்சு, எண்ணும் எண்ணாத்தான் போய்ச் சேந்துச்சு.

அதனால ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அலகு எழுதுங்க, கிலோவா கிராமா, வரியோட சேத்தா சேக்காமலா. நேரத்தை ஐஎஸ்ஓ 8601ங்கற பொது வடிவத்துல, யூடிசியில (உலகப் பொது நேரம்) அனுப்புங்க. தொகையைத் தசம எண்ணா விடாதீங்க, முழு எண்ணாவோ எழுத்தாவோ அனுப்புங்க, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா சரியா 0.3 வராத எண் வகையில பணத்தை வைக்கக்கூடாது. நீளமான ஐடியையும் எழுத்தாவே அனுப்புங்க, ஜாவாஸ்க்ரிப்ட்ல 9007199254740991க்கு மேல போன முழு எண்ணைச் சத்தமில்லாம மாத்திடும். ஒரு ஃபீல்டு இல்லாம வர்றது, காலியா வர்றது, நல்னு (null, மதிப்பே இல்லன்னு) வர்றது மூணுக்கும் தனித்தனி அர்த்தம் எழுதி வையுங்க, "போன் நம்பரை அழி"ங்கறதும் "போன் நம்பர் பத்தி ஒண்ணும் சொல்லல"ங்கறதும் ஒண்ணு இல்ல.

புது ஃபீல்டு சேக்கலாம், இருக்கறதை எடுக்கவோ அர்த்தத்தை மாத்தவோ கூடாது. தெரியாத ஃபீல்டு வந்தா கண்டுக்காம விடணும், தெரியாத நிலை வந்தா மட்டும் ஊகிக்காம நிறுத்திக் கத்தணும். நான் சொன்ன அந்த 3ஆம் நம்பர் கதையில இந்த ஒரு வரி இருந்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

படி 6: வாங்கற பக்கம்

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஐடி, அந்த ஐடிக்கு டேபிள்ல யுனீக் கட்டுப்பாடு (ஒரே ஐடியை ரெண்டாவது தடவை ஏத்துக்காது), அந்த ஐடியைப் பதியறதும் வேலையைப் பண்றதும் ஒரே டிரான்ஸாக்ஷன்ல. "முதல்ல இருக்கான்னு பார்ப்போம், இல்லேன்னா போடுவோம்"னு எழுதினா ஒரே நேரத்துல ரெண்டு வந்தா ரெண்டுமே "இல்ல"ன்னு பார்த்துட்டு ரெண்டுமே உள்ள போயிடும், அதனால டேட்டாபேஸே தடுக்கணும். வரிசை மாறியும் வரும், அதுக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் பதிப்பு எண் அனுப்புங்க, கையில 7 இருக்கும்போது 6 வந்தா விட்டுடுங்க.

படி 7: பாதுகாப்பு

டிஎல்எஸ் 1.2 அல்லது 1.3 மட்டும், 1.0வும் 1.1ம் 2021லயே கைவிடச் சொல்லிட்டாங்க. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி யூசர், தேவையான உரிமை மட்டும். பாஸ்வேர்டு கோடுக்குள்ள இருக்கக்கூடாது. தேவையில்லாத தனிப்பட்ட விவரத்தை அனுப்பவே அனுப்பாதீங்க, கணக்கு சர்வருக்குப் பிறந்த தேதி எதுக்கு? டிஎல்எஸ் சர்டிஃபிகேட் எப்போ முடியுதுன்னு ஒரு மாசம் முன்னாடியே அலர்ட் வரணும், ஏன்னா அது முடியற அன்னிக்கு ரெண்டு பக்கமும் யாரும் எதையும் மாத்திருக்க மாட்டாங்க, எங்க தேடறதுன்னே தெரியாது.

படி 8: தினமும் ஒத்துப்பார்க்கறது

இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ராத்திரி ஒரு தடவை ரெண்டு பக்கமும் நேத்து எத்தனை ஆர்டர், மொத்தத் தொகை எவ்ளோன்னு எடுத்து ஒப்பிடுங்க. ஒத்துப்போகலேன்னா எந்த ஐடி இங்க இருக்கு அங்க இல்லன்னு பட்டியல் வரணும். எவ்ளோ நல்லா எழுதினாலும் ஏதோ ஒண்ணு நழுவும், அது மறுநாள் காலையில தெரியுதா மூணு மாசம் கழிச்சு தெரியுதாங்கறதுதான் வித்தியாசம்.

அலர்ட் வைக்கும்போது எர்ரருக்கு மட்டும் வைக்காதீங்க, அமைதிக்கும் வையுங்க. அனுப்பற ப்ரோக்ராம் செத்துட்டா எர்ரரே வராது. "அனுப்பாம இருக்கறதுல ரொம்பப் பழசு எத்தனை நிமிஷம் ஆச்சு"ன்னு ஒரே ஒரு எண்ணைப் பாருங்க, பதினஞ்சு நிமிஷம் தாண்டினா போன் அடிக்கட்டும்.

படி 9: லைவ் போறதுக்கு முன்னாடி

வேணும்னே உடைச்சுப் பாருங்க. அந்தப் பக்க சர்வரை நிறுத்திட்டு நூறு ஆர்டர் போடுங்க, திரும்ப ஏத்தினா நூறும் போகணும், 99ம் கூடாது 101ம் கூடாது. ஒரே செய்தியைக் கையால ரெண்டு தடவை அனுப்புங்க. வேலை நடந்துட்டு இருக்கும்போது அனுப்பற ப்ரோக்ராமைக் கொல்லுங்க. பாதி ஃபைலைப் போடுங்க. பேருல எமோஜி, அட்ரஸ்ல காமா வையுங்க. நெட்வொர்க்கை வெட்டாம மெதுவா மட்டும் ஆக்கிப் பாருங்க, செத்த சர்வரை விட மெதுவான சர்வர்தான் அதிகம் படுத்தும்.

அப்புறம் பழைய முறையும் புது முறையும் சேந்து ஒரு மாசக் கடைசியைத் தாண்டற வரைக்கும் ஓடட்டும், மாசக் கணக்கு முடிக்கற அன்னிக்குத்தான் இதுவரைக்கும் யாரும் சொல்லாத பத்து விஷயம் வெளிய வரும். புதுசை நிறுத்திப் பழசுக்குத் திரும்பற ஸ்விட்ச் ஒண்ணு கான்ஃபிக்ல இருக்கணும், அதை எப்படித் தட்டறதுன்னு ராத்திரி ட்யூட்டில இருக்கறவர் ஒரு தடவையாவது கையால தட்டிப் பார்த்திருக்கணும்.